ஹாம் எலும்பு, ராஜ்மா, ஸ்லோ குக்கர்: ஏற்காட்டில் சூப் சரியாக வேகுமா?

மஞ்சகுட்டை_மெஸ்:

வணக்கம். ஏற்காட்டில் ஒரு சின்ன தங்கும் விடுதியின் சமையலறைக்காகக் கேட்கிறேன். கையில் இருப்பது 3.5 லிட்டர் ஸ்லோ குக்கர், மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கிற மின்பாத்திரம். உள்ளே பீங்கான் பாத்திரம், வெளியே லோ, ஹை, வார்ம் என்று ஒரு திருகு, அவ்வளவுதான். புகை போட்ட ஹாம் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி) எலும்பு ஒன்று இருக்கிறது, ஒட்டியிருக்கும் கறியோடு சுமார் 700 கிராம். காய்ந்த சிவப்பு ராஜ்மா 400 கிராம். காலை 8 மணிக்கு வைத்து இரவு 8 மணிக்கு ஆறு பேருக்குப் பரிமாற வேண்டும்.

ராஜ்மாவை ஊறவைத்து நேராகக் குக்கரில் போடலாமா? தண்ணீர் எவ்வளவு? உப்பு எப்போது? கெட்டியாக வர மைதா கரைத்து ஊற்றலாமா? நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளவுக்கரண்டி:

முதல் கேள்விக்கு பதில்: போடக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

பச்சை ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் வகை நச்சுப் புரதம் இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவில்தான் மிக அதிகம், வெள்ளையில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு. வேகாத நாலைந்து கொட்டை உள்ளே போனாலே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. நன்றாகக் கொதித்தால் இது அழியும். 75, 80 டிகிரியில் மெல்லச் சூடாகிக்கொண்டே கிடந்தால் அழியாது. அந்தச் சூட்டில் வைத்த ராஜ்மா, பச்சையாக இருந்ததைவிடப் பல மடங்கு வீரியம் கூடும் என்பதும் பதிவானது. பழைய மாடல் ஸ்லோ குக்கர்கள் லோ-வில் அந்தச் சூட்டில்தான் நிற்கும். கொட்டை மெத்தென்று ஆகிவிட்டது என்பதால் நஞ்சு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

உங்கள் ஊருக்கு இன்னொரு கணக்கு. சேலம் டவுனில் தண்ணீர் கிட்டத்தட்ட 99 டிகிரியில் கொதிக்கும். ஏற்காடு 1500 மீட்டர் உயரம், அங்கே 95-லேயே கொதித்துவிடும். அதனால் சமவெளிக்குச் சொல்லும் பத்து நிமிடக் கொதியை நம்ப வேண்டாம். இரவு முழுக்க, 10 முதல் 12 மணி நேரம் ஊறவிட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று முழு அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். அடுப்பு நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் பிரஷர் குக்கரில் ஒரே ஒரு விசில் விட்டு, சிம்மில் ஐந்து நிமிடம் வைத்து இறக்கலாம். வெயிட் ஏறிய பிறகு மலையிலும் உள்ளே 115 டிகிரிக்கு மேல் போய்விடும்.

அடுத்து அளவு. 3.5 லிட்டருக்கு 400 கிராம் ராஜ்மா அதிகம். ஸ்லோ குக்கரை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது, அதாவது 2.6 லிட்டர். 300 கிராம் காய்ந்த ராஜ்மா ஊறினால் 650 கிராம் வரும். எலும்பு 700, காய் 250, மீதி இடத்துக்குத் தண்ணீர் 1 லிட்டர். ஸ்லோ குக்கரில் ஆவி வெளியே போவது சொற்பம், ஊற்றியது அப்படியே இருக்கும். அடுப்புச் சூப்புக்கு ஊற்றுகிற கணக்கில் ஊற்றினால் ரசம் மாதிரி ஆகிவிடும்.

காய் என்றால் பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று, கிடைத்தால் செலரி ஒரு தண்டு, பூண்டு ஆறு பல். கேரட்டை அடியில் போடுங்கள், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக வேண்டாம். இந்தச் சூட்டில் கறியைவிடக் கிழங்கு வகைதான் தாமதமாக வேகும். வெங்காயத்தையும் பூண்டையும் ஹாமின் கொழுப்பை உருக்கி அதிலேயே பொன்னிறமாக வதக்கிப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் அந்த வாடை கடைசிவரை போகாது. பிரிஞ்சி இலை ஒன்று போதும். நம் ஊர் இலையில் பட்டை வாசம் தூக்கல், இரண்டு போட்டால் குருமா ஆகிவிடும்.

கொதித்த ராஜ்மா, கொதிக்கும் தண்ணீர், கொதி நீரில் காட்டிய எலும்பு எல்லாம் சூடாகவே உள்ளே போகட்டும். பீங்கான் பாத்திரம் பனிக்காலக் காலையில் சில்லென்று இருக்கும், அதில் கொதிநீரை நேரடியாக ஊற்றினால் விரிசல் விடும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தைக் கழுவிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். 8 மணிக்கு ஹை-யில் ஒரு மணி நேரம், பிறகு லோ-வில் ஒன்பது மணி நேரம். மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் இழந்த சூடு திரும்ப இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும்.

மாலை 6 மணிக்கு எலும்பை எடுத்து, கறியை உதிர்த்து, தோலையும் கொழுப்பையும் தள்ளிவிட்டுத் திரும்பச் சேருங்கள். இரண்டு கரண்டி ராஜ்மாவை எடுத்து மசித்து உள்ளேயே கலந்தால் கெட்டியாகிவிடும். மைதா தேவையில்லை. ஜவ்வரிசி மாவு சேலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று அதைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு, அது கொழகொழவென்று இழுக்கும். அமெரிக்க செனட் உணவகத்தில் தினமும் பரிமாறுகிற ஹாம் பீன்ஸ் சூப்பின் ஒரு வகையில் மசித்த உருளைக்கிழங்கு சேர்ப்பார்கள், அது பரவாயில்லை.

லீபஜார்_பருப்பு:

மேலே சொன்னது சரிங்க. ஆனா பாதிப் பேருக்கு சூப் கெடுறது கொட்டையிலதான்.

ராஜ்மா பழசா இருந்தா பன்னிரண்டு மணி நேரம் இல்லை, பதினாறு மணி நேரம் வச்சாலும் நடுவுல மணல் மாதிரி இருக்கும். வெயில், ஈரம் ரெண்டும் சேர்ந்த கிடங்குல மாசக்கணக்கா கிடந்த சரக்கு அப்படித்தான் ஆகும். பளபளப்பு போயி, தோல் சுருங்கி, மேல மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருந்தா எடுக்காதீங்க. செவ்வாய்ப்பேட்டையில லீ பஜார் பக்கம் மூட்டை பிரிச்சு விக்கிற கடையில புதுசா பாத்து வாங்குங்க. சூப்புக்கு சித்ரா ராஜ்மா நல்லது, தோல் மெல்லிசு, மாவா மசியும். கருஞ்சிவப்பு ராஜ்மா கிரேவிக்கு அழகு, சூப்புல தோல் தனியா மிதக்கும்.

ஊறினதும் ஒரு கொட்டையைக் கத்தியில ரெண்டா வெட்டிப் பாருங்க. நடுவுல சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா இன்னும் ரெண்டு மணி நேரம் ஊறணும். ஊறாம கல்லு மாதிரி நிக்கிறதைப் பொறுக்கி எடுத்துடுங்க, அது எதுலயும் வேகாது.

தண்ணியும் பாக்கணும். போர் தண்ணி உப்பா இருக்கிற இடம் நம்ம பக்கம் நிறைய. அதுல இருக்கிற கால்சியம் கொட்டைத் தோல்ல இருக்கிற பெக்டினோட சேர்ந்து இறுகிக்கும், எத்தனை மணி நேரம் வச்சாலும் இளகாது. ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிக்கிற தண்ணியையே எடுங்க. அதுக்கும் வழியில்லைன்னா முதல் கொதியில 300 கிராம் கொட்டைக்கு கால் டீஸ்பூன் சோடா உப்பு. அந்தத் தண்ணியத்தான் கொட்டிடப் போறோமே. அரை டீஸ்பூன் போனா சோப்பு வாடை வரும், கொட்டையும் கூழாயிடும்.

ஊறவைக்கிற தண்ணியில உப்பு போட்டா வேகாதுன்னு ஒரு பேச்சு இருக்கு. அது சரியில்லை. ரெண்டு லிட்டருக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் உப்பு போட்டு ஊறவச்சு அலசிட்டா தோல் இன்னும் நல்லா இளகும். வேக விடாம செய்யிறது புளிப்புதான். தக்காளி, வினிகர், எலுமிச்சை எதுவா இருந்தாலும் கொட்டை முழுசா வெந்த பிறகுதான். தக்காளி ரெண்டு, வதக்கிச் சுண்டவச்சு, கடைசி முக்கால் மணி நேரத்துல.

மஞ்சகுட்டை_மெஸ்:

நன்றி. 300 கிராமாகக் குறைத்துக்கொள்கிறேன். இன்னொன்று: இந்த எலும்பு தீர்ந்த பிறகு அடுத்த முறைக்குக் கிடைப்பது பாக்கெட்டில் வரும் ஹாம் துண்டுகள் மட்டும்தான். அதை வைத்து இதே சூப் வருமா? உப்பைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

உப்புக்கண்டம்:

துண்டு ஹாம் மட்டும் போட்டால் இதே சூப் வராது. எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் பல மணி நேரத்தில் ஜெலட்டினாக இறங்குவதால்தான் உதட்டில் ஒட்டுகிற அந்தக் கனம் வருகிறது. பாக்கெட் ஹாம் ஏற்கனவே வெந்தது, எலும்பில்லாதது. காலையிலேயே போட்டால் மாலைக்குள் சுவையெல்லாம் தண்ணீரில் போய், கையில் சக்கைதான் மிஞ்சும். அதைக் கடைசி அரை மணி நேரத்தில் போடுங்கள்.

கனத்துக்கு வேறு வழி: பன்றிக்கறிக் கடையில் ஒரு பன்றிக்கால் வாங்குங்கள். முடி பொசுக்கி, நீளவாக்கில் பிளந்து தரச் சொல்லுங்கள், 300 கிராம் போதும். குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, நுரையோடு கொட்டிக் கழுவி, சூடாக இருக்கும்போதே குக்கரில் சேருங்கள். பச்சைக் கறியையோ ஃப்ரீசரில் உறைந்த கறியையோ அப்படியே ஸ்லோ குக்கரில் போடக்கூடாது. சூடு ஏறுவதற்குள் கிருமி பெருகிவிடும்.

ஹாம் போன்ற சுவை வேண்டுமென்றால் கொழுப்போடு கூடிய தொடைக்கறி ஒரு கிலோவுக்கு 25 கிராம் உப்பு, 10 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒரு டீஸ்பூன். இரண்டு அங்குலக் கனத்துக்கு வெட்டித் தடவி, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் மூன்று நாள், தினமும் ஒரு தடவை திருப்பிப் போட்டு. வெந்தால் இளஞ்சிவப்பு நிறம் வராது, சாம்பல் நிறமாக இருக்கும். சுவையில் குறையில்லை. நிறத்துக்காக வெடியுப்பைக் கைக்கணக்கில் அள்ளிப் போடுகிற வேலை வேண்டாம், நைட்ரேட்டும் நைட்ரைட்டும் மில்லிகிராமில் அளக்க வேண்டிய பொருள். புகைவாசத்துக்குக் கொட்டாங்கச்சிக் கரித்துண்டைத் தணலாக்கி, ஒரு சின்னக் கிண்ணத்தில் சூப்பின் மேல் மிதக்கவிட்டு, அரை டீஸ்பூன் நெய் விட்டு மூன்று நிமிடம் மூடி வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் கசக்கும்.

உப்பு விஷயம் சுருக்கம்தான்: எலும்பை எடுத்து, கறியை உதிர்த்துச் சேர்த்து, அரை மணி நேரம் கழித்து ருசி பார்க்கும்வரை ஒரு கல் உப்புகூடப் போடாதீர்கள். ஹாமில் இருக்கிற உப்பு மெதுவாகத்தான் இறங்கும். காலையில் சப்பென்று இருப்பது சாயங்காலம் கரிக்கும். ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்துப் பாருங்கள், ஊறுகாய் மாதிரி இருந்தால் எலும்பையும் பத்து நிமிடம் கொதிக்கவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மிளகும் கடைசியில்தான். உங்கள் ஊர் சில்வர் ஓக் மரத்தில் ஏறின மிளகை வைத்துக்கொண்டு பத்து மணி நேரம் வேகவைத்து வாசத்தைத் தொலைப்பது அநியாயம். ஒன்றரை டீஸ்பூன், கொரகொரப்பாகப் பொடித்து, இறக்கும்போது.

வயர்மேன்:

கரண்ட் பற்றிக் கேட்டதற்கு. குக்கரின் அடியில் இருக்கும் தகட்டில் வாட் எழுதியிருக்கும். இந்த அளவுக்கு 200 வாட் பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கரண்ட் போவதைவிட லோ வோல்டேஜ் மோசம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. ஹீட்டர் தரும் சூடு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டில் 200 வாட் தருகிற குக்கர், 190 வோல்ட்டில் 136 வாட்தான் தரும். மூன்றில் ஒரு பங்கு சூடு காணாமல் போகிறது. லைட் மங்கலாக எரிகிற நாளில் லோ-வை நம்பாமல் முழு நேரமும் ஹை-யில் வையுங்கள்.

சாதாரண 150 ஏ.எச். பேட்டரி இன்வெர்ட்டரில் இதை மட்டும் ஓட்டினால் நாலு மணி நேரம் தாங்கும். குக்கர் இருக்கும் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருகு மாடலில் கரண்ட் வந்ததும் தானாக ஓட ஆரம்பிக்கும், அதுதான் சிக்கல். எவ்வளவு நேரம் நின்றிருந்தது என்று தெரியாது. அருகில் கரண்ட் போனால் நேரம் அழிந்து பூஜ்யத்தில் இருந்து தொடங்குகிற பிளக் கடிகாரம் ஒன்று இருந்தால் எப்போது கரண்ட் திரும்பியது என்று கணக்குப் போட்டுவிடலாம். டிஜிட்டல் மாடல் பெரும்பாலும் அணைந்தால் அணைந்ததுதான், ஆள் வந்துதான் திரும்பப் போட வேண்டும்.

ஆள் இருக்கும்போது கரண்ட் போனால் காத்திருக்க வேண்டாம், எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி கேஸ் அடுப்பில் சிம்மில் வைத்துவிடுங்கள். பீங்கானை அடுப்பில் வைக்கக்கூடாது. ஆள் இல்லாதபோது நின்றிருந்தால் தெர்மாமீட்டர் விடுங்கள். 60 டிகிரிக்கு மேல் இருந்தால் சரி. அதற்குக் கீழே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது என்றாலோ, எவ்வளவு நேரம் என்றே தெரியாது என்றாலோ கொட்டிவிடுங்கள். மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், சில கிருமிகள் விட்டுப்போகிற நச்சு கொதித்தாலும் போகாது.

விசில்4:

இவ்வளவு தொல்லை எதற்கு? ஊறவைத்த ராஜ்மா, எலும்பு, தண்ணீர் எல்லாம் பிரஷர் குக்கரில். சிம்மில் இருபத்தைந்து நிமிடம். முடிந்தது.

அளவுக்கரண்டி:

@விசில்4 வீட்டில் நாலு பேருக்கென்றால் அதுவே நல்ல வழி, மறுக்கவில்லை. நஞ்சுப் பயமும் இல்லை. ஆனால் 25 நிமிடத்தில் ராஜ்மா வெந்து குழைந்துவிடும், எலும்பிலிருந்து ஜெலட்டின் அந்த அளவுக்கு இறங்காது. எலும்புக்கு ஏற்ற நேரம் வைத்தால் ராஜ்மா கஞ்சியாகும். எலும்பை மட்டும் தனியாக முக்கால் மணி நேரம் விட்டு, அந்தச் சாற்றில் ராஜ்மாவை இரண்டாவதாகப் போட்டால் சரியாக வரும். அப்படிச் செய்கிறவர் அடுப்பருகே நிற்க வேண்டும், விடுதியில் அதற்குத்தான் ஆள் இருக்காது.

@மஞ்சகுட்டை_மெஸ் மிஞ்சினால் பீங்கான் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், நடுவில் இருப்பது ஆறவே நேரமாகும். அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். மூன்று நாள் தாங்கும். மறுநாள் களி மாதிரி இறுகியிருக்கும், அது ஜெலட்டின், கெட்டுப்போனதில்லை. அரை டம்ளர் சுடுதண்ணீர் விட்டு அடுப்பில் கொதிக்கவைத்துப் பரிமாறுங்கள். வார்ம் என்பது சூடாக இருப்பதைச் சூடாக வைத்திருக்க மட்டும்தான்.