வீட்டைச் சுற்றி 3 அடி இடம்: சிமென்ட் போடுவதா, செடி வைப்பதா?

கேள்வி: வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் சுற்றிலும் 3 அடி மண் தரை. களிமண் பூமி. கரையான், எலி, கொசு அண்டாமலிருக்க முழுக்க சிமென்ட் பூசிவிடலாமா, செடி வைக்கலாமா?

ரசமட்டம்: யோசிக்கவே வேண்டாம், பூசிவிடுங்கள். செடி வைத்தால் தினமும் தண்ணீர் ஊற்றுவீர்கள். சுவரோரம் ஈரம் நின்றால் கரையானுக்கு வேறென்ன வேண்டும்? 4 அங்குல கான்கிரீட், வெளிப்பக்கம் 2 அங்குலம் வாட்டம் (தண்ணீர் வழியச் சரிவு). வேலை முடிந்தது.

மண்வெட்டி: வாட்டம் சரி, மற்றது சரியில்லை. களிமண் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். மேலே போட்ட தளம் சுவரை விட்டு நூல் கனம் விலகும். கரையானுக்கு அந்த இடுக்கு போதும். வெளியே மண்கோடே (கரையான் ஏறக் கட்டும் மண் பாதை) தெரியாமல் ஏறி நிலைச்சட்டத்தைத் தின்னும். சுவரிலிருந்து ஒன்றரை அடிக்குச் செடியே வேண்டாம். அங்கே முக்கால் அங்குல ஜல்லியை 3 அங்குலம் பரப்புங்கள். பேஸ்மட்டம் (தரைக்கு மேல் நிற்கும் அடிச்சுவர்) 6 அங்குலமாவது கண்ணுக்குத் தெரியட்டும். மண்கோடு ஏறினால் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

ரசமட்டம்: ஜல்லிக்குள் சருகு விழுந்து மக்கினால் அதுவும் மண்தானே? ஒரு மழை போதும், அருகம்புல் கிளம்பிவிடும். தளம் போட்ட பிறகும் கரையான் மருந்து ஏற்ற வழி உண்டு. கரையான் தடுப்புக்கான இந்தியத் தரக் குறிப்பு ஐ.எஸ். 6313 மூன்றாம் பகுதியைப் பாருங்கள்: சுவரை ஒட்டி 30 செ.மீ.க்கு ஒரு 12 மி.மீ. துளை, மீட்டருக்கு 2.25 லிட்டர் கரைசல்.

மண்வெட்டி: ஜல்லியை வருடம் ஒருமுறை அள்ளிச் சலித்துப் போடத்தான் வேண்டும். அந்த வேலைக்கு ஆளில்லை என்றால் என் யோசனை உதவாது. ஆனால் உங்கள் வாட்டத்தில் ஓரிடம் பள்ளம் விழுந்தால் கொசுவுக்கு அதுவே தொட்டில். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள்தான். செடித்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்க்கணும். ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு, நீர் பட்டதும் பொரிக்கும்.

மாடித்தோட்டம்: நொச்சியும் சிறியாநங்கையும் வைத்தால் கொசு, பாம்பு இரண்டும் வராதே?

மண்வெட்டி: நொச்சித் தழையை மூட்டம் போட்டால் புகைக்குக் கொசு விலகும். செடி சும்மா நிற்பதால் விலகாது. சிறியாநங்கையை நம்பி விறகுக் குவியலுக்குள் கைவிடாதீர்கள். பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும். மிச்ச செங்கல், காய்ந்த மட்டை இதெல்லாம் சுவரோரம் அடுக்கினால் வந்ததும் தங்கிவிடும். விறகைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரப் பரணில் வையுங்கள்.

தென்னந்தோப்பு: எலி என்றதும் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள். வீட்டு எலி மரமேறி. மா, முருங்கைக் கிளை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு 4 அடிக்குள் வரக்கூடாது. தென்னையில் 6 அடிக்கு மேலே, ஒன்றரை அடி அகலத் தகரத்தை இடைவெளியில்லாமல் சுற்றி அடியுங்கள். பக்கத்து மரத்து மட்டை உரசினால் தகரம் வீண், இது பலருக்கும் தப்பிப்போகிறது. குழாய் நுழையும் துளையில் அரை அங்குலச் சந்து இருந்தாலே எலி புகும். ஃபோம் அடைத்தால் கடித்துவிடும். கம்பிவலையைத் திணித்து மேலே சிமென்ட் வையுங்கள். செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கும் வலை கட்டுங்கள், அங்கிருந்து வருவது வேறு கொசு.

ரசமட்டம்: சரி, துவைக்கிற கல் பக்கமும் பாத்ரூம் பக்கமும்? அங்கே ஜல்லி போட்டால் சோப்புத் தண்ணீர் அஸ்திவாரத்துக்குத்தான் இறங்கும்.

மண்வெட்டி: அந்த இரண்டு பக்கமும் தளமே போடுங்கள், மறுப்பில்லை. சுவரோடு சேர்த்து வார்க்காமல் அரை அங்குலம் விட்டு, அதில் தார்க்கலவை ஊற்றுங்கள். ஏசித் தண்ணீர்க் குழாயையும் நீட்டி சாக்கடைக்குக் கொண்டுபோங்கள். கோடை முழுக்க சுவரோரம் சொட்டுகிற ஈரம் அதுதான்.

ரசமட்டம்: தார்க்கலவை சரி. மற்ற இரண்டு பக்கத்துக்கும் என் ஓட்டு சிமென்ட்டுக்கே.