மன்றத்தில் சந்தித்தவர்கள்: உங்களுக்கும் ஒரு நாள் நினைவிருக்கும், எழுதுங்கள்

கோட்டையூர்ப் பக்கத்துக்காரன்:

எங்கள் ஊர் மன்றத்துக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். சாமான்களை வெளியே எடுத்து வைக்க நானும் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு, எங்கள் காலத்தில் அதுதான் படிப்பகம். பீரோவை நகர்த்தியதும் சுவரில் ஒரு கைத்தடம் தெரிந்தது. ஐந்து விரலும் பதிந்த ரோஸ் நிற அரிதாரம். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மன்றம் என்றால் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரே கூடம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முன்னால் ஒரு பொட்டல். பொட்டலில் சாயங்காலம் சடுகுடு, திருவிழா என்றால் நாடகம். கூடத்துக்குள் கச்சேரி, பட்டிமன்றம், தேர்தல் வந்தால் ஓட்டுச்சாவடி.

1988 பங்குனி. வள்ளி திருமணம் நாடகம். எனக்குப் பன்னிரண்டு வயது, நடிகர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கும் வேலை. ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே குழு போடுகிற நாடகம் இல்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்து அழைப்பார்கள். ஒத்திகையே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் கதைப்போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம், அந்த நம்பிக்கையில் மேடையேறுவார்கள். சுவாமிகள் 1922-லேயே காலமாகிவிட்டார். அவர் கட்டிய சட்டத்தில் இன்றும் முன்பின் பழகாத இரண்டு பேர் விடிய விடிய ஒரு கதையை நடத்திவிடுகிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு இன்னும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு நாரதர் புதுக்கோட்டை பஸ்ஸில் வந்தார். வள்ளி மதுரை பஸ்ஸில். படிப்பக அறையில் இருவரும் கும்பிட்டுக்கொண்டார்கள். "அண்ணே, எத்தனை கட்டை?" என்று அந்த அம்மா அவர் பாடும் சுருதியைக் கேட்டார், அவர் சொன்னார், அவ்வளவுதான் பேச்சு. பிறகு அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த ஊர்ல எத்தனை ஊருணி? பேர் சொல்லு" என்றார். மூன்று பேரையும் சொன்னேன். எதற்குக் கேட்கிறார் என்று அப்போது புரியவில்லை.

ராத்திரி ஒன்றரை மணிக்கு நாரதர் வள்ளி தர்க்கம் உச்சத்தில் இருந்தது. நாரதர், "தினைப்புனம் காக்கும் பெண்ணே, நீ நிற்கும் மண்ணைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று மடக்கினார். வள்ளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மூன்று ஊருணியின் பேரையும் விருத்தத்தில் அடுக்கி, அந்தத் தண்ணீரில் விளைந்த தினையைத்தான் காக்கிறேன் என்று இழுத்துப் பாடி நிறுத்தினார். ஆர்மோனியக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார். பொட்டலே எழுந்து கைதட்டியது. நாரதர் அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டாரே, அது நடிப்பு இல்லை, நான் பக்கவாட்டில் இருந்து பார்த்தேன்.

சுவரில் இருக்கும் கை அந்த அம்மாவுடையதா என்று தெரியாது. அந்தச் சதுரத்துக்கு மட்டும் சுண்ணாம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உங்கள் ஊர் மன்றங்களில் நீங்கள் பார்த்த ஆட்களைப் பற்றி எழுதுங்கள். கலைஞரோ ஆட்டக்காரரோ யாராக இருந்தாலும் சரி.

புதுவயல் சடுகுடு:

அண்ணே, கைத்தடத்தைக் காப்பாற்றினீர்கள், நல்லது. எங்கள் மன்றத்தில் இதே மாதிரி ஒரு வெள்ளையடிப்பில்தான் எல்லாம் போனது. கோப்பைகள், போட்டோக்கள், கறையான் தின்றது போக மிச்சமிருந்த நோட்டுகள், எல்லாவற்றையும் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். எனக்கு விஷயம் தெரிய ஆறு மாதம் ஆனது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வீட்டுக்குக் கதவு கைப்பிடி தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கடையில் எனாமல் தூக்குவாளிகளுக்குப் பின்னால் தேக்குச் சட்டம் போட்ட போட்டோ. ஒன்பது பேர், வெறுங்கால், பனியன், முழங்கால் மண். நடுவில் கோப்பை. கீழே வெள்ளை மையில் 1961. பின்னணியில் எங்கள் மன்றத்துத் தூண். கை நடுங்கிவிட்டது. எழுநூறு ரூபாய் சொன்னார், பேரம் பேசாமல் வாங்கினேன்.

அதை எடுத்துக்கொண்டு நேராக எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த பெரியவரிடம் போனேன். எண்பதைத் தாண்டியவர், கண் மங்கிவிட்டது. சட்டத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு முகத்தின் மேலும் விரலை வைத்து யார் என்று கேட்டார். பின்னால் எழுதியிருந்த பேரை நான் படிக்க, அந்த ஆளின் பிடி எப்படி என்று சொன்னார். "இவன் கணுக்கால்தான் பிடிப்பான். மேல கையே வைக்க மாட்டான்." "இவனுக்கு மூச்சு. ஊருணியில முங்கிப் பழகினவன்."

அந்த மூச்சுதான் அவர் காலத்து ஆட்டம். பாடிப் போகிறவன் தம் விடாமல் பாட வேண்டும், கடிகாரம் கிடையாது. இப்போது பாடவும் வேண்டும், 30 நொடிக்குள் திரும்பியும் வர வேண்டும். 13 மீட்டருக்கு 10 மீட்டர் ஆடுகளம், போனஸ் கோடு, மேட். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முதலாகப் பதக்கத்துக்கு உரிய ஆட்டமாகி இந்தியா தங்கம் வாங்கியதும், பெரியவர் பொட்டலில் தன் காலடியால் அளந்து சர்வதேச அளவுக்குக் கோடு போட்டாராம். சுண்ணாம்புக்குப் பதில் அடுப்புச் சாம்பல். 2018-ல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் தோற்ற அன்று அவர் சாப்பிடவில்லை என்று அவர் மருமகள் சொன்னார்.

போட்டோவின் முதுகில் பென்சிலால் எட்டுப் பேர் இருக்கிறது. ஒன்பதாவது பேர் ஈரத்தில் அழிந்துவிட்டது. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள், தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்பவர். பெரியவருக்கு ஆள் நினைவிருக்கிறது, பேர் வரவில்லை. "கண்டனூர்ல பொண்ணு எடுத்தவன்" என்பது மட்டும் சொன்னார். படம் கீழே போட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் தம்பி:

எங்கள் பொட்டலில் சடுகுடு இல்லை, டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். சேப்பாக்கம் மைதானத்துக்குப் பேர் கொடுத்த எம்.ஏ.சிதம்பரம் எங்கள் ஊர் அரண்மனைக் குடும்பம், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன், 1960 முதல் 1963 வரை இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவர். டிவியில் சேப்பாக்கம் ஆட்டம் வரும்போது பசங்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். மன்றத்துச் சுவரில் எழுதிப்போட வேண்டும்.

வீணை டீச்சர்:

காரைக்குடி என்று பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் வீணை வழி ஒன்று உண்டு. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் என்ற அண்ணன் தம்பி. அண்ணன் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்தி வைத்து வாசிப்பார். தம்பி சாம்பசிவ ஐயருக்கு 1952-ல் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. அதே வருடம் அந்த விருது வாங்கிய இன்னொருவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். காரைக்குடியிலிருந்து அரியக்குடி கூப்பிடு தூரம். அந்த அகாதெமியின் முதல் இசை விருதுகளில் இரண்டு இந்தச் சின்ன வட்டத்துக்குள் வந்தன என்பதை என் மாணவிகளிடம் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு மன்றத்தில் நவராத்திரிக்கு ஒரு வயதான அம்மா வாசித்தார். பேர் பெற்றவர் இல்லை. தோடி ஆலாபனை நடுவில் கரண்ட் போய்விட்டது. மைக் செட்காரர் ஜெனரேட்டருக்கு ஓடினார். அந்த அம்மா நிறுத்தவில்லை. ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் ஜமுக்காளத்தைக் கையோடு இழுத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நகர்ந்தார். அவரைப் பார்த்து எல்லாரும் நகர்ந்தோம். குழந்தைகள் மேடை விளிம்பிலேயே ஏறிவிட்டன. ஒரு லாந்தர் வெளிச்சம். தந்தி இழுபடும்போது அதற்குக் கீழே உள்ள பித்தளை மெட்டின் மேல் விரல் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது, ஒலிபெருக்கியில் அது ஒருநாளும் வராது. கரண்ட் வந்ததும், "அதை அணைச்சிடுங்க தம்பி" என்று அந்த அம்மாவே சொன்னார்.

அதிலிருந்து எங்கள் மாணவிகள் அரங்கேற்றம் மன்றத்தில் மைக் இல்லாமல்தான் நடக்கிறது. ஐம்பது பேருக்குமேல் கூப்பிடுவதில்லை.

நாட்டரசன்கோட்டை மருமகள்:

கம்பன் விழாவைச் சொல்லாமல் எப்படி? சா.கணேசன் ஐயா 1939-ல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து பங்குனியில் நடக்கிறது. காரைக்குடியில் நடத்தி முடித்து, நிறைவு நாளுக்கு எங்கள் ஊருக்கு, கம்பன் அடங்கிய இடத்துக்கு வருவார்கள். இந்த மண்ணைக் குழந்தை நாக்கில் தொட்டு வைத்தால் தமிழ் வரும் என்பது இங்கே நம்பிக்கை. சா.க. நேரத்தில் கண்டிப்பானவர் என்று எங்கள் மாமனார் அடிக்கடி சொல்வார். எவ்வளவு பெரிய பேச்சாளர் என்றாலும் குறித்த நிமிடத்தில் தொடங்க வேண்டும், குறித்த நிமிடத்தில் முடிக்க வேண்டுமாம்.

ஒரு வருடம் பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மாட்டு வியாபாரி. பள்ளிக்கூடம் போனதில்லை என்றார். பேச்சாளர் குகப்படலத்தில் ஒரு பாட்டைத் தொடங்கி ஒரு சீரை விட்டுவிட்டார். இவர் தனக்குள் முணுமுணுத்து அந்தச் சீரைப் போட்டுக்கொண்டார். நாற்பது வருடமாகக் கேட்டே வந்தது என்றார். பேர் கேட்காமல் விட்டேன்.

சிராவயல் மாடு:

எங்களுக்குத் தை 3 மஞ்சுவிரட்டுதான் எல்லாம். முந்தின ராத்திரி தூரத்து ஊர் மாடுகள் மன்றத்துப் பொட்டலில் கட்டியிருக்கும். தொழுவில் அடைத்து அவிழ்ப்பது, கட்டுமாடாக, அதாவது தொழுவுக்கு வெளியே திறந்தவெளியில் அவிழ்ப்பது, இரண்டும் உண்டு. ஒருவர் வருடாவருடம் மாட்டுக் காலடியிலேயே துண்டை விரித்துப் படுப்பார். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தடை வந்தது. அடுத்த பொங்கலுக்கு அவர் மாடில்லாமல் வந்து, அதே இடத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட்டு, காலையில் பஸ் ஏறிப் போனார். 2017-ல் சட்டம் திருத்தியதும் கன்றோடு வந்தார். மன்றத்தில் எல்லாரும் எழுந்து போய்க் கன்றைத் தடவிக் கொடுத்தோம்.

கண்டனூர்ப் பேத்தி:

புதுவயல் அண்ணன் போட்ட படத்தைப் பெரிதாக்கி எங்கள் அப்பத்தாவிடம் காட்டினேன். சும்மாதான் காட்டினேன், கண்டனூர் என்று எழுதியிருந்ததால். அப்பத்தா செல்லைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது ஒங்க ஐயாடி" என்றார். ஐயா என்றால் எங்களுக்குத் தாத்தா.

கல்யாணம் 1963-ல். அதற்குமுன் ஐயா ஆடியிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு வட்டிக்கடை, அப்புறம் அரிசி மண்டி. ஐயா இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது. சடுகுடு ஆடியதாக ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். "அந்தப் பொட்டலுக்குப் பொம்பளைக நாங்க போனதில்ல. போயிருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றார் அப்பத்தா. பிறகு, "சாயங்காலம் வந்ததும் கிணத்தடில தண்ணியில மூஞ்சிய வச்சு மூச்சடக்குவாக. ஏன்னு கேட்டா சிரிப்பாக" என்றார்.

அண்ணே, அந்தப் பொட்டலில் இப்போது பெண்பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சரிதானா? அப்பத்தாவுக்கு நேரில் பார்க்க வேண்டுமாம். முழங்கால் வலி, நாற்காலி வேண்டும்.

புதுவயல் சடுகுடு:

சரிதான் தங்கச்சி. சனி, ஞாயிறு நாலரை மணிக்கு. பிள்ளைகளுக்கு 12-க்கு 8 அளவில் கோடு போட்டிருக்கிறோம், பெரியவர் அளந்த கோட்டுக்கு உள்ளேயே. ஆச்சியை வரும் சனிக்கிழமை கூட்டிவாருங்கள். மன்றத்துப் பிரம்பு நாற்காலியைத் தூண் பக்கம் நிழலில் போட்டு வைக்கிறேன், படத்தில் ஐயா நிற்கும் அதே தூண். பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது ஐயா பேரை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள், படத்தின் பின்னால் பென்சிலால் எழுத வேண்டும்.