பில் பிரிண்டரில் பொது டிரைவர் வந்து உட்கார்ந்துகொள்கிறது

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் பலகாரக் கடை. 80 மி.மீ. தெர்மல் பிரிண்டர், யூஎஸ்பி இணைப்பு, விண்டோஸ் 11 ஹோம். பிரிண்டரோடு வந்த டிரைவரை (அதை இயக்கும் மென்பொருள்) போட்டால் எல்லாம் சரி. போன மாதம் முதல், அப்டேட் முடிந்து கணினி எழும்போதெல்லாம் விண்டோஸின் ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ என்ற பொது டிரைவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் ‘அதிரசம்’ என்று அடித்தால் தாளில் வரிசையாகக் கேள்விக்குறிதான். கட்டரும் வெட்டுவதில்லை, கையால் கிழித்துத் தருகிறோம்.

பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் பழைய டிரைவர் பேக்கேஜை அழித்து மறுபடி போட்டேன். டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸில் ‘நோ’ வைத்தேன். யூஎஸ்பி துளையை மாற்றியதில் ‘காப்பி 1’ என்று இன்னொரு பிரிண்டர் முளைத்ததுதான் மிச்சம். குரூப் பாலிசியில் (விண்டோஸ் எப்படி நடக்க வேண்டும் என்று விதி வைக்கும் இடம்) நிறுத்தலாம் என்கிறார்கள். ஹோம் பதிப்பில் அந்த எடிட்டரே கிடையாது.

மற்ற அப்டேட்டுகள் வழக்கம்போல வரட்டும், இந்த டிரைவர் மட்டும் மாறாமல் இருக்க ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம்) எதை மாற்ற வேண்டும்?