தைப் பனியில் வடுவூர் – தஞ்சாவூர் சாலை: விடியற்காலையில் ஸ்கூட்டரில் போக வழி சொல்லுங்கள்

வடுவூர் பெண்:
தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். காலை 7 மணிக்கு டூட்டி. வடுவூருக்கு உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்திலிருந்து 5.15க்கு ஸ்கூட்டரில் கிளம்புவேன். மூன்று வருடமாக இப்படித்தான். ஐப்பசி மழையில்கூட இவ்வளவு பயந்ததில்லை.

நேற்று விழுந்துவிட்டேன். எங்கள் ஊர்ச்சாலையில், முந்தின நாள் இரவு அறுவடை மிஷின் வயலிலிருந்து கரையேறின இடம். பெல்ட்டில் அப்பியிருந்த களிமண் கட்டி கட்டியாக ரோட்டில் கிடந்திருக்கிறது. பனியில் தெரியவில்லை, மேலே ஏறின பிறகுதான் தெரிந்தது. பிரேக் பிடித்தேன், முன்சக்கரம் வழுக்கிவிட்டது. முழங்காலில் சிராய்ப்போடு போனது. பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது.

ஹைபீம் போட்டால் முன்னால் வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினால் மூச்சுக்காற்று படிந்துவிடுகிறது, தூக்கினால் கண்ணில் நீர் வழிகிறது. அரைமணி தாமதமாகக் கிளம்பினால் பனி குறையுமா? அந்த மண்ணை அள்ளச் சொல்லி யாரிடம் கேட்பது?

மன்னார்குடி மெக்கானிக்:
அக்கா, எந்தக் கை பிரேக்கைப் பிடித்தீர்கள்?

வடுவூர் பெண்:
வலது கை. பயத்தில் இறுக்கிப் பிடித்துவிட்டேன்.

மன்னார்குடி மெக்கானிக்:
விழுந்ததற்குக் காரணம் அதுதான். ஸ்கூட்டரில் வலது கை முன்சக்கரத்துக்கு. ஈரக் களிமண்ணில் முன்சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டால் யாராலும் நிமிர்த்த முடியாது. 2019க்குப் பிறகு வந்த வண்டி என்றால் பெரும்பாலும் இடது கை பிடித்தாலே இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் விழும். அதையும் மெதுவாகத்தான் பிடிக்க வேண்டும். மண்ணுக்கு முன்பே ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள், மண்மேல் இருக்கும்போது ஹேண்டிலைத் திருப்பாதீர்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், நேராக உருண்டு வெளியே வந்துவிடும்.

ஹைபீம் வேண்டவே வேண்டாம். பனி என்பது காற்றில் நிற்கும் நீர்த்துளிதானே, வெளிச்சம் அதில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். லோபீம் போதும். கண்ணாடியின் உள்பக்கம் ஒரு சொட்டு ஷாம்பு தடவி, காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், ஆவி படியாது. பின் டயரைப் பாருங்கள், பட்டன் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதில் காசு பார்க்க வேண்டாம். ஹெல்மெட் முதுகுப்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுங்கள்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்:
அம்மா, இந்தச் சாலையில் பல வருடம் முதல் நடை பஸ் ஓட்டியவன் நான். அரைமணி தாமதம் என்பது உதவாது, சில நாள் அதுதான் ஆபத்து. பொழுது விடிகிற நேரத்திலும் விடிந்த கொஞ்ச நேரத்துக்கும்தான் பனி அதிகம் கெட்டியாகும். வெயில் ஏறி 8, 8.30க்குத்தான் கலையும். 5 மணிக்கு நன்றாகத் தெரிகிறதே என்று கிளம்பி, 6.30க்கு நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

முந்தின இரவே கண்டுபிடிக்கலாம். வானம் துடைத்த மாதிரி இருந்து, காற்று அசையாமல், 10 மணிக்கே வைக்கோலைத் தொட்டால் ஈரம் ஒட்டினால் மறுநாள் பனி நிச்சயம். காற்று வீசினாலோ மேகம் மூடினாலோ அவ்வளவு இருக்காது. பனி எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இறங்காது. வடுவூர் ஏரிப் பக்கம், வாய்க்கால் பாலம், தண்ணீர் நிற்கிற வயல், இங்கெல்லாம் திடீரென்று சுவர் மாதிரி எதிரே நிற்கும். அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடிவிடுகிறோம். கண்ணில் பட்டு, கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 11 மீட்டர் தீர்ந்துவிடும். ஒரு மின்கம்பத்திடம் வரும்போது அடுத்த கம்பம் தெரியவில்லையா, 20க்கு மேல் போகாதீர்கள். எதிரே எதுவுமே தெரியவில்லை என்றால் ஓரமாக நிற்பது போதாது, ரோட்டைவிட்டு இறங்கி டீக்கடையில் உட்காருங்கள். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒட்டிப் போகாதீர்கள், அவர் தவறினால் நீங்களும் தவறுவீர்கள். இடதுபக்க வெள்ளைக்கோடுதான் துணை. பனி நிச்சயம் என்று தெரிகிற நாளில் பஸ்ஸில் போங்கள்.

நீடாமங்கலம் விவசாயி:
சகோதரி, மண்ணைப் போடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன், அதனால் மனசு கேட்காமல் எழுதுகிறேன். மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை. பனி உலர்ந்து 10 மணிக்கு மேல்தான் அறுக்க முடியும், அதனால் இரவு வரை ஓடும். முடிந்ததும் அடுத்த வயலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். களத்தில் கிடக்கும் நெல்லைப் பார்ப்பேனா, ரோட்டைப் பார்ப்பேனா என்று நாங்களும் விட்டுவிடுகிறோம். ஆனால் ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியால் வழித்தால் இரண்டு ஆளுக்குப் பத்து நிமிட வேலை.

இன்னொன்றையும் பாருங்கள். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. பனியில் நெல் ஈரம் இழுத்துக்கொள்ளும், களம் போதாது, அதனால் ரோட்டில் காயப்போட்டு, இரவில் தார்ப்பாய் மூடி, சுற்றிலும் கல் வைக்கிறோம். அந்தக் கல் பனியில் உயிரை வாங்கும். கல்லுக்குப் பதில் நெல்மூட்டையையே தார்ப்பாய் ஓரத்தில் வைக்கச் சொல்லி எங்கள் தெருவில் பேசியிருக்கிறேன். மண்ணுக்கு, முதலில் வயல்காரர் வீட்டில் நேரில் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் ஊர்ச்சாலைக்கு ஊராட்சி அலுவலகம், மெயின் ரோட்டுக்கு நெடுஞ்சாலைத் துறை அலுவலகம். முதல்வர் உதவி மைய எண் 1100க்குப் போன் செய்தும் புகார் பதியலாம்.

பேராவூரணி – டொராண்டோ:
இங்கே வானத்திலிருந்து கொட்டும் பனியைப் பற்றி ஒன்று. விழுந்தவுடன் முதலில் பெரிய சாலைகளையும் பஸ் போகும் சாலைகளையும் வழிப்பார்கள், தெருக்கள் பிறகுதான். மிதித்து இறுகிவிட்டால் பனிக்கட்டியாகிவிடும், எடுப்பது பெரும்பாடு. களிமண்ணும் அப்படித்தான். ஈரமாக இருக்கும்போதே வழிக்க வேண்டும் என்று விவசாயி அண்ணன் சொல்வது ரொம்பச் சரி.

வடுவூர் பெண்:
ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். வயல்காரர் வீட்டுக்கு அப்பாவோடு போய்ச் சொன்னேன். என் முழங்காலைப் பார்த்ததும் அந்த வீட்டு அம்மாவே மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள், அன்று மாலையே சுத்தம். டயர் மாற்றியாயிற்று. ஐயா சொன்னபடி இரவில் வைக்கோல் போரைத் தொட்டுப் பார்க்கிறேன், இரண்டு நாள் பஸ்ஸில் போனேன். ஒருநாள் பத்து நிமிடம் தாமதம், மேற்பார்வை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் திட்டவில்லை. இன்று பார்த்தால் நூறடி தள்ளி வேறொரு வயலில் மிஷின் இறங்கியிருக்கிறது. சாயங்காலம் அந்த வீட்டுக்கும் போகிறேன்.