ஐசியூவில் நுரையீரல் தொற்றும் செப்சிஸும்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தொடங்கியவர்: சுவாச சிகிச்சைப் பணியாளர், சேலம்

தொற்றை எதிர்க்கும் உடலின் எதிர்வினை கட்டுமீறி, சொந்த உறுப்புகளையே பாதிக்கும் நிலைதான் செப்சிஸ். அந்தப் பெயரையே பல குடும்பங்கள் ஐசியூ வாசலில்தான் முதல்முறை கேட்கின்றன. 2017-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 4.89 கோடிப் பேருக்கு அது வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. பலருக்கு அது நுரையீரலில் ஆரம்பிக்கிறது. உங்கள் வீட்டிலோ வார்டிலோ பார்த்ததை எழுதுங்கள். மருத்துவமனைப் பெயரும் நோயாளி பெயரும் வேண்டாம்.

விவசாயி மகள், திருவண்ணாமலை மாவட்டம்

ஐப்பசி மழை விட்ட சமயம். அப்பா தினமும் வரப்புல மாட்டுக்குப் புல் அறுக்கப் போவார். காய்ச்சல் வந்தது, பக்கத்துல ஊசி போட்டோம், விடவே இல்லை. அப்புறம் படுத்தா மூச்சு வாங்க ஆரம்பிச்சது. எக்ஸ்ரேயில ரெண்டு நுரையீரலும் வெளேர்னு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள பிரஷர் இறங்கிடுச்சு. அன்னைக்கு ராத்திரியே வென்டிலேட்டர். "நிமோனியா, செப்சிஸ் ஆகியிருக்கு, கிட்னியும் வேலை செய்யலை"ன்னாங்க. விலை உயர்ந்த ஆன்டிபயாட்டிக் ஏறிக்கிட்டே இருந்தது, காய்ச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

காலையில ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "அப்பா என்ன வேலை செய்யறார்?" சொன்னதும் கையுறை போட்டுக்கிட்டு தலைமுடியிலிருந்து தேட ஆரம்பிச்சாங்க. காதுக்குப் பின்னாடி, அக்குள், தொடை இடுக்கு. கடைசியில அரைஞாண் கயிறைத் தூக்கிப் பார்த்தாங்க. அதுக்கு அடியில, பீடியை வச்சு அணைச்ச மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுத்தி லேசா சிவப்பு. அப்பா அதைப் பத்தி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் புண் வலிக்காதாம், அரிக்கவும் அரிக்காதாம்.

உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். புல், புதர்ல இருக்கற ரொம்பச் சின்ன உண்ணி கடிச்சு வர்றது. அந்தக் கறுப்புப் பொருக்கு அது கடிச்ச இடம். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராம அப்பவே டாக்சிசைக்ளின் ஏத்தச் சொன்னாங்க. ரெண்டாம் நாளே காய்ச்சல் தணிஞ்சது. அந்த வாரத்துக்குள்ள குழாயை எடுத்தாங்க. அப்பா இப்போ நல்லா இருக்கார். அந்த டாக்டரம்மா கேட்ட அந்த ஒரு கேள்விக்கு எங்க குடும்பமே கடன்பட்டிருக்கு.

தீவிர சிகிச்சை மருத்துவர், வேலூர்

சகோதரி, முதலில் கொடுத்த மருந்து ஏன் கேட்கவில்லை என்று மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பென்சிலின் வகையும் அதன் உறவு மருந்துகளும், மெரோபெனம் உட்பட, பாக்டீரியாவின் வெளிச்சுவரைத் தாக்குபவை. உண்ணிக் காய்ச்சல் கிருமி நம் உடல் செல்லுக்குள் புகுந்து வாழ்கிறது, அந்த மாதிரிச் சுவரும் அதற்குச் சரியாகக் கிடையாது. அதனால் எவ்வளவு விலை உயர்ந்த மருந்து ஏற்றினாலும் பயன் இல்லை.

எங்கள் தரப்பிலும் ஒரு கேள்வி பல வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நோய் முற்றி வருபவருக்கு டாக்சிசைக்ளினா, அசித்ரோமைசினா, இரண்டுமா? ஆளுக்கொரு பழக்கம் வைத்திருந்தோம். வேலூர் சிஎம்சியின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் 7 மையங்களில், கிட்டத்தட்ட 800 நோயாளிகளிடம் இதை ஆராய்ந்தார்கள். 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. அந்த நோயாளிகளில் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது சுவாசம்தான், 62 சதவீதம் பேருக்கு. இறப்பு, 7-ம் நாளிலும் தீராத உறுப்புக் கோளாறு, 5-ம் நாளிலும் விடாத காய்ச்சல் என மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48, இரண்டும் பெற்றவர்களில் 33. இறப்பு விகிதத்தில் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆதாயம் உறுப்புகள் சீக்கிரம் மீள்வதில்தான் தெரிந்தது. ஐசியூ படுக்கையில் அதுவே பெரிய விஷயம்.

நான் வேறொரு ஆய்வுக்காகச் சம்மதப் படிவத்துடன் போனபோது ஒரு பாட்டி கேட்டார்: "எம்புருஷன வச்சு சோதனை பண்ணப் போறீங்களாய்யா?" எந்தப் பிரிவில் விழுந்தாலும் அவருக்கு மருந்து உண்டு, வேண்டாம் என்றாலும் சிகிச்சை குறையாது, நடுவில் விலகலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். மகனைப் படிக்கச் சொல்லி முழுக்கக் கேட்டுவிட்டு, கைநாட்டு வைத்தார். அப்படி வாசலில் உட்கார்ந்து சம்மதித்த குடும்பங்களால்தான் நம்மிடம் இந்த எண்களெல்லாம் இருக்கின்றன.

இரவுப்பணி செவிலியர், மதுரை

வெளியிலிருந்து வர்ற நிமோனியா ஒரு பக்கம். வென்டிலேட்டர்ல இருக்கும்போதே வர்ற நிமோனியாவோடதான் எங்க போராட்டம். ஒரு பையன் என்கிட்ட கோபப்பட்டான்: "அம்மா மெஷின்ல மூச்சு விடுறாங்க, இப்ப பல்லு விளக்குறதுதான் முக்கியமா சிஸ்டர்?" நியாயமான கேள்விதான். குழாயைச் சுத்தி ஒரு சின்ன பலூன் இருக்கு தம்பி, அதோட இடுக்கு வழியா வாயில ஊறுற அழுக்கு எச்சில் நுரையீரலுக்குள்ள இறங்குது, அதான் விளக்குறோம்னு காட்டினேன். அடுத்த நாள் அவனே குழந்தைங்க பிரஷ் ஒண்ணு வாங்கிட்டு வந்தான், முள் மெத்துனு இருக்கறது.

நாங்க ரெண்டு பேரா நின்னுதான் செய்வோம். ஒருத்தர் குழாயைப் பிடிச்சுக்கணும், உதட்டுகிட்ட எந்த எண் இருக்குன்னு பார்த்து வச்சுக்கணும். பலூன் அழுத்தம் 20-லிருந்து 30 செ.மீ. நீர் அளவுக்குள்ள இருக்கான்னு பார்ப்போம். தலைப்பக்கம் தூக்கியே இருக்கும், 30 டிகிரிக்குக் குறையாம. கடவாய்ல சக்‌ஷன் ஓடிக்கிட்டே இருக்க, ஒவ்வொரு பல்லா, நாக்கும் சேர்த்து.

முன்னாடியெல்லாம் குளோர்ஹெக்சிடின் மருந்தால வாயைத் துடைக்கிறதுதான் வழக்கம். 2022 அமெரிக்க வழிகாட்டுதல் அதை விட்டுட்டு பிரஷ் பண்ணச் சொன்னது. அப்புறம் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, பிரஷ் பண்ணவங்களுக்கு ஆஸ்பத்திரி நிமோனியா மூணுல ஒரு பங்கு குறைவு, ஐசியூ இறப்பும் குறைவுன்னு வந்தது. ஆள் பத்தாத ராத்திரியில முதல்ல விட்டுப்போற வேலை இதுதான். அதனாலதான் இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படுறேன். பார்வை நேரத்துல "வாய் சுத்தம் பண்ணியாச்சா?"ன்னு தாராளமா கேளுங்க, நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்.

தம்பிக்காக, திருச்சி

தம்பி செப்சிஸிலிருந்து பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் மாடிப்படி ஏற முடியவில்லை, ராத்திரி சுவரில் ஆள் நிற்பதாகச் சொல்லி அலறுகிறான். இது இப்படித்தான் இருக்குமா?

தீவிர சிகிச்சை மருத்துவர், வேலூர்

நிறையப் பேருக்கு இருக்கும். தசை வற்றுவதும், குழப்பமும், பயங்கரக் கனவும் ஐசியூவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கலாம். பிசியோதெரபியை விடாதீர்கள், மனநல மருத்துவரையும் பாருங்கள். அவன் அலறும்போது பொய் என்று வாதாடாமல், வீட்டில் இருக்கிறோம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். படி ஏறும்போது மூச்சு இரைத்தாலோ, மறுபடி காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அழைத்து வாருங்கள்.

விவசாயி மகள், திருவண்ணாமலை மாவட்டம்

டாக்டர் சார், எங்க ஊர்ல இன்னொருத்தருக்கும் இப்போ காய்ச்சல். உடம்பெல்லாம் தேடிட்டோம், புண் இல்லை. அப்போ பயம் இல்லைதானே?

தீவிர சிகிச்சை மருத்துவர், வேலூர்

அப்படிச் சொல்ல முடியாதும்மா. பலருக்குப் புண்ணே தெரியாது. எத்தனை நாள் காய்ச்சல், வயலிலோ புதரிலோ வேலை செய்தாரா என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். மூச்சு வேகமாக வாங்கினால், சிறுநீர் குறைந்தால், பேச்சு குழறினால் இன்றைக்கே கிளம்புங்கள்.