அப்பாவுக்கு 18 கரண்ட் (ரேடியேஷன்) முடிந்தது, மூக்கு டியூப் வேண்டாம் என்கிறார், என்ன செய்ய?

காவிரிக்கரை:
அப்பாவுக்கு 61 வயது. இடது கன்னத்தில் கேன்சர், நாற்பது வருஷம் வெற்றிலையோடு புகையிலை அடக்கிய வாய். ஆபரேஷன் முடிந்து இப்போது மொத்தம் 30 கரண்ட், வாரத்துக்கு ஐந்து நாள், திங்கள்கிழமை கீமோவும் சேர்த்து. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை, தனியாகவே பஸ் ஏறிப் போய் வந்தார். இப்போது வாய்க்குள் வெந்து போன மாதிரி இருக்கிறது, எச்சில் நூல் நூலாக இழுக்கிறது, துண்டால் துடைத்துத் துடைத்து உதட்டோரமும் புண். தயிர்சாதத்தை மிக்சியில் அடித்துக் கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிடுகிறார். 58 கிலோ இருந்தவர் 52.5. டாக்டர் ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் சாப்பாட்டுக் குழாய்) போடச் சொல்கிறார். அப்பாவோ, டியூப் போட்டால் ஆள் அவ்வளவுதான், ஒரு வாரம் கரண்டை நிறுத்திப் புண் ஆறியதும் போகலாம் என்கிறார். அம்மாவும் அவர் பக்கம்தான்.

மல்லிகை_மதுரை:
தம்பி, நிறுத்த மட்டும் விடாதீங்க. என் வீட்டுக்காரருக்கு நாக்கில் வந்து 33 கரண்ட் வைத்தோம், அவரும் இருபதாவது வாக்கில் இதே பேச்சுதான். புண் ஆறுகிற அந்த ஒரு வாரத்தில் மிச்சம் மீதி இருக்கிற கேன்சர் செல்லும் சேர்ந்து தேறிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அடங்கினார். டியூப் போட்டால் முடிந்தது என்ற பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. கடைசிக் கட்டத்தில் டியூப் போட்ட ஆட்களை மட்டுமே பார்த்திருக்கிறோம் இல்லையா, அதனால். இவருக்கு ஏழு வாரம் இருந்தது, அப்புறம் எடுத்துவிட்டார்கள், இப்போது இட்லி சாப்பிடுகிறார்.

கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டித்தான் விட வேண்டும். நான் ஒரு நாள் சோம்பல்பட்டு டீ வடிகட்டியோடு விட்டேன், சத்துமாவுக் குருணை ஒன்று போய் அடைத்துக்கொண்டது, ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடினோம். நேராக உட்கார வைத்து 200 மில்லி மெதுவாக, முடிந்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள், அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். மூக்குப் பக்கம் குழாயில் இருக்கும் குறி நகர்ந்திருந்தால் எதையும் விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முக்கியமாக, டியூப் இருக்கிறதே என்று வாயை மூடி வைக்கக் கூடாது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாத வரை, ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது ஒரு மடக்கு தண்ணீர் விழுங்கட்டும், இல்லாவிட்டால் தொண்டை விழுங்குவதையே மறந்துவிடும்.

லினாக்_ரூம்:
கரண்ட் ரூமில் வேலை பார்க்கிறேன். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: முகத்துக்குப் போடுகிற அந்த வலை மாஸ்க் அவர் 58 கிலோ இருந்தபோது வார்த்தது. உடம்பு இளைத்தால் மாஸ்க் லொடலொடவென்று ஆகும், உள்ளே முகம் நகரும், சில பேருக்குத் திரும்ப ஸ்கேன் எடுத்து மாஸ்க்கே புதிதாகச் செய்ய வேண்டி வருகிறது. டியூப் வெறும் சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை. கீமோ சிஸ்பிளாட்டின் என்றால் தண்ணீர் குறைந்தால் கிட்னியும் அடி வாங்கும்.

வாய்க்கு, காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா, விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொப்பளிக்கட்டும். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் வேண்டாம், பலதில் ஆல்கஹால் இருக்கும், எரியும். வலி மாத்திரையை வலி வந்த பிறகு கொடுக்காமல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்கலாமா என்று கேளுங்கள். டாக்டர் மார்ஃபின் எழுதினால் பயப்படாதீர்கள், புண் ஆறியதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். நாக்கில் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளையாக இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து. காய்ச்சல் 100.4 தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கழுத்துத் தோலில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், பிளேடு எதுவும் படக் கூடாது, பழைய பருத்தி வேட்டித் துணியை மட்டும் சுற்றிக்கொள்ளட்டும்.

ஐஸ்குச்சி:
நான் முடித்து நாலு வருஷம். கடைசி கரண்ட் முடிந்த மறுநாள் சரியாகிவிடும் என்று நினைத்தேன், மேலும் இரண்டு வாரம் அதே கொடுமைதான், இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ருசி வர மாதக்கணக்கு ஆனது, முதலில் திரும்பியது இனிப்பு. எச்சில் இன்னும் பாதிதான், பாட்டில் இல்லாமல் தெருமுனைக்குக் கூடப் போக மாட்டேன். கன்னம் என்பதால் தாடை இறுகும், நான் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்து நாளுக்கு ஐந்து தடவை திறந்தேன், 11 குச்சியில் ஆரம்பித்து இப்போது 20. அவருக்கு எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் பல் பிடுங்குவதாக இருந்தால் கரண்ட் வைத்ததைச் சொல்லாமல் பிடுங்கவே கூடாது, தாடை எலும்பு ஆறாமல் போய்விடலாம். வருஷா வருஷம் தைராய்டும் பாருங்கள்.

காவிரிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. மாஸ்க் விஷயம்தான் வேலை செய்தது. "திரும்ப அதுக்குள்ள தலையை விட்டு வார்க்கணுமா, டியூபே போடு" என்றார். நேற்று போட்டாயிற்று, இன்று 21வது. மல்லிகை அக்கா, மோர் விடலாமா?

மல்லிகை_மதுரை:
நான் விட்டேன் தம்பி, நீர்க்க அடித்து, வடிகட்டி. பால் விட்ட கையோடு மட்டும் வேண்டாம், நடுவில் தண்ணீர் விட்டுவிடுங்கள். எதற்கும் அங்கே டயட்டீஷியன் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.