புதுப்பிப்பு: செக்_ஃபைல் பெயரை மாற்றியாச்சு

மதுரையில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் குட்டி இயங்குதளத்தில், ஃபைல் எண்ணைக் கொடுத்தால் ஃபைலைத் தேடித் தரும் ஃபங்ஷனுக்கு 'செக்_ஃபைல்' என்று பெயர் இருக்கிறது, மாற்றலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். மாற்றிவிட்டோம்.

லினக்ஸ் இயங்குதளத்திலேயே இதே வேலையைச் செய்யும் ஃபங்ஷன் எஃப்செக் (செக் என்றால் சரிபார்) என்று இருந்தது, 5.11 பதிப்பில் லுக்கப்_எஃப்டி_ஆர்சியூ ஆனது. அதன் வேலை சரிபார்ப்பது இல்லை, தேடித் தருவது (லுக்கப்), அதுவும் ஆர்சியூ ரீட் லாக் (படித்து முடிக்கும்வரை தரவு அழிக்கப்படாமல் காக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போதுதான் கூப்பிட வேண்டியிருந்தது, அந்தப் புதுப் பெயரில் இரண்டுமே தெரிந்தது. ஃபைலை எடுத்துத் தரும் எஃப்கெட் வேறு. அது ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை, அதாவது அந்த ஃபைலை எத்தனை இடங்களில் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கைக் கூட்டும், வேலை முடிந்ததும் அதைக் குறைக்கும் எஃப்புட் போட்டே ஆகணும். எங்களிடமும் இனி 'கெட்' என்றால் எண்ணிக்கை கூடும், 'லுக்கப்' என்றால் அப்படியே இருக்கும்.

பெயரை மாற்றாமல் ஃபங்ஷனுக்கு மேலே கமெண்ட் (விளக்கக் குறிப்பு) எழுதினால் போதாதா என்று கேட்ட தெப்பக்குளத்து அண்ணனுக்கு: கூப்பிடும் இடத்தில் கமெண்ட் இருக்காதுண்ணே, பெயர் மட்டும்தான் இருக்கும். அப்புறம், ஃபைலை மூடும் க்ளோஸ் ஃபங்ஷன்களுக்குப் பெயர் மாற்றுவது இன்னும் பாக்கி.